வயலினுக்கு அடியில்

தொடர்பியல் பாடநூல்களில் செய்தியை அனுப்புகிறவருக்கு ஓர் அத்தியாயம் உண்டு. செய்திக்கு ஒன்று, ஊடகத்துக்கு ஒன்று, நடுவில் புகுந்து கெடுக்கும் இரைச்சலுக்குக்கூட ஒன்று உண்டு. செய்தி யாருக்காகவோ அவளுக்கு மட்டும் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ‘பெறுநர்’ என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். அவளுக்கு ஒரு பெயர் இருக்குமா, பல்வலி வருமா, அவள் பெற்ற பெண்ணும் எங்காவது படித்துக்கொண்டிருப்பாளா என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கதையில் அந்த வட்டத்துக்குள் இருந்தவள் பெயர் அமுலு.

அமுலுவின் மகள் மோனிஷா, பயன்பாட்டுத் தொடர்பியல் இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவி. குடிசைவாசிகளை ஆற்றங்கரையிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் நகரத்துக்கு வெளியே அடுக்கிவைத்த குடியிருப்பில், நான்காவது மாடியில் அவர்கள் வீடு. கல்லூரியில் இது ஒருவருக்கும் தெரியாது. வீடு எங்கே என்று முதல் ஆண்டில் யாரோ கேட்டபோது, மோனிஷா நெடுஞ்சாலையில் இருக்கும் மென்பொருள் நிறுவனங்களின் பக்கமாகக் கையைக் காட்டினாள். முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அமுலு அவற்றில் ஒன்றில்தான் கழிவறை கழுவினாள்.

“யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லாதம்மா,” என்று அன்றைக்கே வீட்டிலும் சொல்லிவைத்தாள்.

அமுலு ஏன் என்று கேட்கவில்லை. யாரிடமும் அந்தப் பெயரைச் சொல்லவும் இல்லை.

இறுதிப் பருவத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு விழிப்புணர்வுக் குறும்படம் எடுத்தாக வேண்டும். மோனிஷாவின் குழுவுக்குத் தலைவன் தருண். தூய்மைதான் பொருள் என்றும் அந்தக் குடியிருப்புதான் களம் என்றும் அவன் முடிவு செய்தபோது, மோனிஷாவுக்குக் காய்ச்சல் வந்தது. களத்துக்கு வராததற்கு ஈடாக, பின்னணிக் குரலுக்கான உரையைத் தான் எழுதித் தருவதாகச் சொன்னாள். அவள் தமிழ் நன்றாக இருக்கும். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

வெளித் தேர்வாளர் பிற்பகல் வருவதாக இருந்தது. அன்று காலைதான் தொகுப்பறையில் படத்தை முழுதாகப் பார்த்தாள்.

குப்பை மேடு. ஈக்கள். சொறி பிடித்த ஒரு நாய். அடுத்து, குப்பை மேட்டின் முன்னால், நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நின்ற அமுலு. அவள் வாய் அசைந்தது, கை எதையோ சுட்டியது, குரல் மட்டும் வரவில்லை. வயலின் அழுதது. அதன் மேல் குழுவைச் சேர்ந்த வர்ஷினியின் குரல், மோனிஷா எழுதிய வாக்கியத்தை உருக்கமாகப் படித்தது: ‘இவளுக்குத் தெரியாது, தன் வாசலில் தானே கொட்டிக்கொள்வது தன் குழந்தையின் நோயை என்று.’

“அந்த ஷாட்டை எடுத்துடு,” என்றாள் மோனிஷா.

“படத்துலயே பெஸ்ட் ஷாட் அதான்,” என்றான் தருண்.

“அவங்க ஒத்துக்கிட்டாங்களா?”

“சிரிச்சாங்க.”

“சிரிச்சா?”

“சொல்லில்லாத் தொடர்பு, ரெண்டாவது செமஸ்டர். சிரிப்பு நேர்மறைச் சைகை, இணக்கத்தின் அறிகுறி. அந்தப் பேப்பர்ல நீதான ஃபர்ஸ்ட்டு, எங்களைக் கேக்கற?”

“ஏதோ பேசிக்கிட்டே இருக்காங்களே.”

“காத்துச் சத்தம்பா. யூஸ் ஆகல. அதான் வயலினைப் போட்டு மூடிட்டோம்.”

மோனிஷாவுக்குக் கணினியை உடைத்துவிடலாமா என்று தோன்றியது. அதைச் செய்தால் காரணம் சொல்ல வேண்டும். நேரே துறைத்தலைவரின் அறைக்குப் போனாள்.

பேராசிரியர் ரெஜினா யாரையும் பாராட்டாதவர் என்று பெயரெடுத்தவர். அந்த வட்டங்களையும் அம்புக்குறிகளையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டுவது அவர்தான். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“மேடம், பெறுநர் பேசினா அதுக்கு என்ன பேரு?”

“பின்னூட்டம். முதல் செமஸ்டர்ல கேட்டிருக்க வேண்டியது.”

“பேசாம இருந்தா?”

“பின்னூட்டம் இல்லைன்னு எழுதுவோம்.”

“பேசினதை அழிச்சுட்டா?”

ரெஜினா பேனாவை மூடினார்.

“எந்தப் படத்துல?”

“எங்க படத்துல.”

“யாரு அந்தம்மா?”

மோனிஷா ஜன்னலைப் பார்த்தாள்.

“தெரியாது மேடம்.”

“தெரியாதவங்களுக்காகவா இப்படி ஓடி வந்திருக்க?”

அவள் மேசை மேலிருந்த விடைத்தாள்களை நேராக்கினாள். ரெஜினா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தருணை வரவழைத்து, எந்த பிளாக் என்று விசாரித்தார். அந்த அம்மாவின் முகம் தெரிகிற படத்தைத் தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொன்னார். மேசையிலிருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டார்.

“மேடம், நான் கேட்டதுக்கு...”

“சாப்பிட்டுட்டு ஹாலுக்கு வா,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பிற்பகலில் திரையிடல் கூடம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் தேர்வாளர்; ஒரு விளம்பர நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவர். அவருக்குப் பக்கத்து நாற்காலியில், வெளியே போகும்போது மட்டும் கட்டுகிற ஊதாப் புடவையில், அமுலு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது வரிசையிலிருந்த மோனிஷாவை அவள் பார்த்தாள். ஒரு நொடி. பிறகு, பேருந்தில் எதிரே வந்து உட்கார்ந்த யாரோ ஒருத்தியிடமிருந்து கண்ணை எடுப்பதுபோல எடுத்துக்கொண்டாள். அதை அவ்வளவு நன்றாகச் செய்தாள்.

படம் ஓடியது. வயலின் அழுதது. விளக்கைப் போட்டார்கள். தருண் எழுந்து இலக்குப் பார்வையாளரின் இயல்புகளை அடுக்கினான்: குறைந்த எழுத்தறிவு, கூச்ச சுபாவம், சுற்றுப்புறம் குறித்த அக்கறையின்மை.

“உன் இலக்குப் பார்வையாளர் இதோ உக்காந்திருக்காங்க,” என்றார் ரெஜினா. “கேக்க வேண்டியதைக் கேளு.”

தருண் அமுலு பக்கம் திரும்பினான். “ஆன்ட்டி, படம் புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது தம்பி. குப்பையைக் கொட்டறது நான்தான்னு புரிஞ்சுது.”

கூடத்தில் சிலர் சிரித்தார்கள்.

“குப்பைத் தொட்டியை எடுத்துட்டுப் போனவங்க திருப்பி வைக்கல, வண்டியும் வர்றதில்ல, ஆபீசுக்குப் போய்க் கேட்டா விரட்டறாங்கன்னு அன்னிக்கு அவ்ளோ சொன்னேனே. அதெல்லாம் எங்க?”

“காத்துச் சத்தம் அதிகமா இருந்துச்சு ஆன்ட்டி. அதனால மியூசிக்...”

“மியூசிக் நல்லாத்தான் இருக்கு.”

தேர்வாளர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். “இவ்வளவு சொல்றீங்க. படம் எடுக்க மட்டும் எப்படி ஒத்துக்கிட்டீங்க?”

“எங்க சார் ஒத்துக்கிட்டேன். சிரிச்சேன்.”

“எதுக்குச் சிரிச்சீங்க?”

அமுலு மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள்.

“பசங்க கழுத்துல இந்தக் காலேஜ் அட்டை தொங்குச்சு. தெரிஞ்ச அட்டை. அதான், நம்ம பசங்கன்னு சிரிச்சுட்டேன்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அது... பக்கத்து பிளாக்ல ஒரு பொண்ணு. மாட்டிக்கிட்டுப் போகும், வரும். பார்த்திருக்கேன்.”

மோனிஷா எழுந்தாள்.

“பக்கத்து பிளாக் இல்ல சார். அந்தப் பொண்ணு நான்தான். அவங்க எங்க அம்மா.”

“உக்காரு பாப்பா,” என்றாள் அமுலு, மெல்ல. “உனக்கு மார்க்கு போடணும்.”

“அந்த வாக்கியம், இவளுக்குத் தெரியாதுன்னு வருதே. அதை எழுதினது நாந்தான்ம்மா.”

அமுலு திரும்பி அவளைப் பார்த்தாள். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.

“நீ எழுதினதா,” என்றாள். கேள்வியாக அதைக் கேட்கவில்லை.

தேர்வாளர்தான் முதலில் பேசினார். “பிரமாதம். இதை அப்படியே கிளைமாக்ஸா வெச்சுடுங்க. ஷூட் பண்ணீங்களா யாராவது?” தருணின் கைப்பேசி ஏற்கெனவே உயர்ந்திருந்தது.

அமுலு புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். “டூட்டிக்கு நேரமாச்சு மேடம். என்னைக் கொண்டுபோய் விடவேணாம், பஸ்சுல போய்க்கறேன்.”

மோனிஷா பின்னாலேயே ஓடினாள். அவள் வாசலை அடைவதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது. திரும்பி வந்தபோது ரெஜினா தாழ்வாரத்தில் நின்றிருந்தார்.

“எங்க அம்மான்னு தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தீங்களா?”

“தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் கூட்டிட்டு வந்திருப்பேன்.”

“அத்தனை பேர் முன்னால. அவங்க பொய் சொல்லி முழிக்கிறதை எல்லாரும் வேடிக்கை பார்க்கணும்னு.”

“அந்தப் பொய்யை அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நான் இல்ல.”

மோனிஷாவின் குரல் உடைந்து, உடைந்ததால் இன்னும் உரத்தது. “நான் உங்ககிட்ட ஒரு கேள்விதான கேட்டேன். வாயைத் திறந்து பதில் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா எழுதிக்கிட்டுப் போயிருப்ப. பரீட்சையில அப்படியே வரும். முழு மார்க்கும் போட்டிருப்பேன்.”

“இப்பவாவது சொல்லுங்க. ஒருத்தங்க பேசினதை அழிச்சா, அதுக்கு என்ன பேரு?”

“எதுக்குக் கேக்கற? தருண் அழிச்சதுக்கா? நீ மூணு வருஷமா அழிச்சதுக்கா? சிரிச்சா இணக்கம்னு நான் வருஷா வருஷம் போர்டுல எழுதினதுக்கா?”

“மூணுக்கும்.”

“மூணுக்கும் சேர்த்துத்தான் இங்க பட்டம் குடுக்கறோம்,” என்றார் ரெஜினா.



அந்த மழைக்காலத்தில் அமுலுவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. படுத்திருந்த நாட்களில் அவள் வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். உடம்பு தேறியதும், அவளும் பக்கத்து வீட்டுப் பெண்களும் குப்பையை அள்ளச் சொல்லி நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். காவலர்கள் அவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து, மாலையில் விட்டார்கள். மறுநாள் குப்பை வண்டி வந்தது.