பிரசன்ட் ஆர்ம்ஸ்

போலீஸ் பயிற்சி மைதானத்தில் டிரில் இன்ஸ்பெக்டர் வீரபாகு வைத்ததுதான் சட்டம். 'பிரசன்ட் ஆர்ம்ஸ்' என்றதும் துப்பாக்கியை நெஞ்சுக்கு நேரே தூக்கி மரியாதை காட்ட வேண்டும். குரல் கொடுத்தவரே 'ஆர்டர் ஆர்ம்ஸ்' என்று சொல்லும் முன் இறக்கினால், யாராக இருந்தாலும் பத்துச் சுற்று ஓட்டம்.

தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டு வந்தான் பயிற்சிக் காவலன் மாசானம்.

"பிரசன்ட் ஆர்ம்ஸுக்கு அர்த்தம் சொல்லுலே, தாரேன்."

"நான் குரல் கொடுக்கேன், நீங்க செஞ்சு காட்டுங்க ஐயா. சொல்லுதேன்."

மாசானம் கத்தினான். வீரபாகு விறைப்பாகத் துப்பாக்கியைத் தூக்கி நின்றார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாசானம் 'ஆர்டர் ஆர்ம்ஸ்' சொல்லவே இல்லை.

"அர்த்தம் என்னலே?"

"'நீங்க சொல்லுதவரைக்கும் அசையமாட்டேன்'னு அர்த்தம் ஐயா. லீவு நாலு நாளா, அஞ்சு நாளா?"

"அஞ்சு!"

"ஆர்டர் ஆர்ம்ஸ்!"