முட்டுக்கட்டைக்கு வந்த உத்தரவு

முன்னொரு காலத்திலே செம்பியூரை வல்லபராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் நினைத்த மாத்திரத்தில் உத்தரவு போடுவான். போட்டதைத் தலைகீழாய் நின்றாலும் திரும்ப வாங்கமாட்டான்.

அவனுடைய மந்திரி அறவாணர் ஊர்க் கலாசாலையில் புதுமாதிரி வகுப்பு ஒன்று நடத்தினார். மனப்பாடம் கிடையாது. மாணவர்கள் கூடி உட்கார்ந்து சிக்கல்களை அவிழ்க்கவேண்டும். ஒரே ஒரு விதி: எல்லோரும் ஒருமுறை பேசி முடிக்கும்வரை யாரும் இரண்டாம் முறை வாய் திறக்கக்கூடாது.

நப்பின்னைக்கு அந்த விதி வேப்பங்காய். எதற்கும் "ஏன்?" என்று மல்லுக்கு நிற்கிற பெண் அவள். ஆனாலும் கலாசாலையில் பெண்களைச் சேர்த்தது அந்த ஒரு வகுப்பில்தான். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மந்திரியைக் கண்டாலே வயிறெரிகிற ஆஸ்தான பண்டிதர் சொற்சிங்கனார் அவளை எங்கே பார்த்தாலும், "வா முட்டுக்கட்டை!" என்பார்.

அந்த வருஷம் தேர்த்திருவிழா வந்தது. பண்டிதர் ராஜா காதைக் கடித்தார். "பிரபோ, நம் தேருக்கு முட்டுக்கட்டையா? ஆட்சிக்கே முட்டுக்கட்டை போட்டமாதிரி. அபசகுனம்!"

"சரிதான்! முட்டுக்கட்டை இனித் தேர்ப்பக்கமே வரக்கூடாது!" என்று உத்தரவு போட்டான் ராஜா.

சக்கரத்தடியில் கட்டை கொடுக்காமல் தேர் திரும்புமா? முக்கில் திரும்பவேண்டிய தேர் நேரே போய்ப் பண்டிதர் வீட்டுச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது!

"மந்திரியின் மாணவர்கள் வடம் பிடித்த லட்சணம்!" என்று குதித்தார் பண்டிதர்.

"அவர்களே திருப்பட்டும்," என்றான் ராஜா. "பொழுது சாய்வதற்குள் திருப்பாவிட்டால் அந்த வகுப்பே கிடையாது!"

மாணவர்கள் தேர் நிழலில் கூடினார்கள். நப்பின்னை வெடித்தாள். "கட்டையைத் தடுத்தது ராஜா, பழி நமக்கா? உத்தரவை வாபஸ் வாங்கச் சொல்லி நேரே கேட்கிறேன்!"

"யானை கட்டி இழுக்கலாமே," என்றான் ஒருவன்.

"சுவர்தான் வரும், தேர் வராது," என்றாள் இன்னொருத்தி.

நப்பின்னைக்கு நாக்கு துடித்தது. விதி தடுத்தது. கடைசியாக, மாசத்துக்கு ஒரு வார்த்தை பேசுகிற சாத்தன் மெல்லச் செருமினான்.

"வாங்கச் சொன்னால் வாங்கமாட்டார். அவரே புது உத்தரவு கொடுத்துவிட்டமாதிரி பண்ணினால்? நப்பின்னை, பண்டிதர் உன்னை என்னவென்று கூப்பிடுவார்?"

நப்பின்னை வாயைப் பிளந்தாள். அடுத்த நிமிஷம் ராஜா முன்னால் நின்றாள்.

"மகாராஜா, எல்லோரும் தேரடியில் இருக்கிறார்கள். நான் மட்டும் அங்கே நிற்கக்கூடாதே!"

"யாரம்மா தடுத்தது?"

"உங்கள் உத்தரவுதான். முட்டுக்கட்டை தேர்ப்பக்கம் வரக்கூடாதாமே? என் பேரே முட்டுக்கட்டைதான். வைத்தவர் பண்டிதர். அவர் வாக்கு பொய்யாகுமா?"

"அப்படியா பண்டிதரே?"

"வந்து... பிரபோ... சும்மா ஒரு செல்லப்பேர்..."

ராஜா சிரித்துவிட்டான். "சரி, முட்டுக்கட்டை தாராளமாய்த் தேர்ப்பக்கம் போகட்டும்!"

"கேட்டீர்களா ஊராரே!" என்று கூவினாள் நப்பின்னை. "முட்டுக்கட்டைக்கு உத்தரவு ஆயிற்று. கொண்டுவாருங்கள் கட்டையை!"

ராஜா திகைத்தான். யோசித்தான். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தான்.

வடத்தைப் பின்பக்கம் கட்டிப் பாதிப்பேர் தேரைச் சுவரிலிருந்து பின்னுக்கு இழுத்தார்கள். பிறகு முன்வடம் பிடித்தார்கள். மீதிப்பேர் கட்டை கொடுத்தார்கள். சாத்தன் துண்டை வீசி வீசிச் சைகை காட்டினான். கிறீச்சென்று முனகிக்கொண்டு தேர் திரும்பியது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். நப்பின்னை வாங்கவில்லை.

"வாய் மட்டும்தான் என்னுடையது மகாராஜா. யோசனை சாத்தனுடையது. அவன் பேச இடம் கொடுத்தது மந்திரி போட்ட விதி. அந்த விதியை நான் திட்டாத நாளில்லை. இன்றைக்கு அதுதான் எங்கள் வகுப்பைக் காப்பாற்றியது." அறவாணர் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

"வகுப்பு என்றைக்கும் நடக்கட்டும். இதைத் திரும்ப வாங்கமாட்டேன்!" என்றான் ராஜா. "பண்டிதரே, வருஷாவருஷம் தேர்க்கட்டை சுமப்பது உம் பொறுப்பு."

மறுநாள் வகுப்பில் நப்பின்னை ஒருமுறை பேசினாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, "சாத்தா, நீ சொல்லு," என்று கண்ணாலேயே கேட்டாள்.

தேரும் நிலைக்கு வந்தது. கதையும் நிலைக்கு வந்தது.