கொல்லைப்புறத்தில் இருவர்

அந்த வருஷம் ஆறு முழுக்க மணலாகிவிட்டது. ஆற்றங்கரையில் வைத்தியம் பார்த்த தையல்நாயகியிடம் பாடம் கேட்க வந்தவள் பரிமளம். குருவைவிடச் சிஷ்யைக்கு இரண்டு வயது கூடுதல். குரு அவளை ‘அக்கா’ என்பாள்; அவளோ குருவை ‘குருவம்மா’ என்பாள். ஊர் சிரிக்கும். இருவரும் கண்டுகொள்வதில்லை.

அங்கே தங்கும் நோயாளிகள் தங்கள் சிறுநீரை மண்சட்டியில் பிடித்து வைக்க வேண்டும். அதன் நிறமும் வாடையும் பார்த்த பிறகுதான் குரு நாடியைத் தொடுவாள். சட்டி எடுப்பது பரிமளத்தின் வேலை.

குரு பக்கத்து ஊருக்குப் போயிருந்த சமயம், பரிமளத்தின் கைக்குழந்தை பொன்னிக்கு வயிறு கழியத் தொடங்கியது. மறுநாள் பொழுது சாயக் குரு திரும்பினாள். பிள்ளை அழுதுகொண்டிருந்தது. கண்ணீர் வரவில்லை.

குரு பிள்ளையின் வாய்க்குள் விரல் விட்டாள். விரல் காய்ந்தபடியே வெளியே வந்தது.

“தண்ணி கொடுத்தீங்களா, அக்கா?”

“கழியுற பிள்ளைக்குத் தண்ணி காட்டக் கூடாதுன்னு...”

“யார் சொன்னது?”

“எங்க ஊர்ல எல்லாரும் சொல்வாங்க.”

குரு திட்டவில்லை. கஞ்சித் தெளிவில் வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்து, சங்கில் ஊற்றி, குரு சொட்டுச் சொட்டாகப் பிள்ளைக்குப் புகட்டினாள். பாதி கடைவாயில் வழிந்தது.

“பிழைச்சுக்குவாளா, குருவம்மா?”

“மூத்திரம் போனாளா?”

பரிமளம் ஒரு துணியை நீட்டினாள். நடுவில் சின்னக் கறை. முற்றிய தேனின் நிறம். மூக்கைக் குத்தும் வாடை.

“காலையில போனது. இவ்வளவுதான். இனிமே போனாத்தானே...”

“காத்திருப்போம்” என்றாள் குரு.

பக்கத்து அறையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. தோணிக்காரர் ஐயாவு. ஒரு வாரமாக அங்கே படுத்திருந்தார்.

“வந்தாச்சா, வைத்தியச்சி? ஆறு வத்திப்போச்சு, ஐயாவு வத்தலை! சட்டியைப் பாரு, வழியுது!”

பரிமளம் போய்ச் சட்டியை எடுத்து வந்தாள். உள்ளே ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிவு. நிறமில்லை, வாடையில்லை. அகல் விளக்கின் சுடர் அதற்குள் ஆடாமல் நின்றது.

அவள் சட்டியையே பார்த்தாள். “கண்ணாடி மாதிரி இருக்கே. என் பிள்ளைக்கும் இப்படி வரக் கூடாதா, சாமி!”

குருவின் கையிலிருந்த சங்கு நின்றது.

“அந்தப் பேச்சு வேண்டாம், அக்கா.”

“ஏன்?”

“அவர் நெத்தியைப் பார்த்தீங்களா?”

“திருநீறு பூசியிருக்கார்.”

“தொட்டுப் பார்த்துட்டு வாங்க.”

பரிமளம் உள்ளே போனாள். ஐயாவு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“திருநீறு யார் பூசிவிட்டது, மாமா?”

“நான் எங்க தாயி பூசினேன்?”

அவள் விரலால் தொட்டாள். நறநறவென்றது. தோலிலிருந்து உப்புப் பூத்திருந்தது. குனிந்தபோது அவர் மூச்சு முகத்தில் பட்டது. சட்டியில் இல்லாத வாடை அவர் வாயில் இருந்தது.

திரும்பி வந்து விரலை நீட்டினாள். “என்ன குருவம்மா அது?”

“வெளியே போக வேண்டியது. வாசல் கிடைக்காம அலையுது.”

“அவ்வளவு நீர் போகுதே!”

“நீர் மட்டும்தான் போகுது.”

குரு எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தாள். விளக்கு வைத்த நேரத்தில் எந்த வீட்டிலும் அந்தக் கதவைத் திறக்க மாட்டார்கள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வேலிக்கு அப்பால் மணல் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

“இங்க உங்களுக்குன்னு இருக்கிறதையெல்லாம் படிக்கு வெளியே வையுங்க.”

பரிமளம் வைத்தாள். தண்ணீர்க்குடம். அரிசிப் பை. வெல்லம், உப்பு. மடித்த துணிகள். அழுக்குத் துணிகள்.

“பிள்ளையையும்.”

“அந்தி நேரத்துல பச்சைப் பிள்ளையை...”

“பிள்ளையையும், அக்கா.”

பழம்புடவையை மடித்துப் போட்டு, அதன்மேல் பொன்னியைக் கிடத்திவிட்டு, பரிமளம் உள்ளே வந்தாள். குரு கதவைப் பாதி சாத்தினாள். வெளியே சத்தமே இல்லை. பிள்ளைகூட அழவில்லை.

“வேண்டியதை உள்ளே...”

குரு முடிப்பதற்குள் பிள்ளை பரிமளத்தின் தோளில் இருந்தது. அடுத்து குடம். பிறகு அரிசி, வெல்லம், உப்பு, நல்ல துணிகள். அழுக்கு மட்டும் வெளியே கிடந்தது.

குரு கதவைச் சாத்தித் தாழிட்டாள். பிள்ளையின் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இரு பக்கமும் விரல் வைத்தாள்.

“இங்க ரெண்டு பேர் இருக்காங்க. அவரை விதை மாதிரி. ரத்தத்திலிருந்து நீரைப் பிரிச்சு வெளியே வைப்பாங்க. நல்லது கெட்டது எல்லாம் அதோட போகும். அப்புறம் வேண்டியதை மட்டும் உள்ளே எடுப்பாங்க. ஓயாம.”

“அழுக்கை மட்டும் பொறுக்கிப் போட்டா ஆகாதா?”

“தெரிஞ்ச அழுக்கைத்தான் பொறுக்க முடியும். பேர் தெரியாத அழுக்கு உள்ளேயே தங்கிடும்.”

“தண்ணி இல்லாத வீட்டுல?”

“தண்ணியை விட மாட்டாங்க. அழுக்கை ஒரு கை ஈரத்துல அனுப்பிடுவாங்க.”

வெளியே வைக்க விட்டுப்போன கறைத் துணியைப் பரிமளம் எடுத்தாள். மறுபடி முகர்ந்தாள்.

“ஐயாவு மாமாவோட ரெண்டு பேர்?”

“கதவைத் திறந்து தண்ணியை விட்டுட்டு, அழுக்கை வெளியே வைக்க மறந்து நிக்கிறாங்க.”

பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. இப்போது அதில் சிரிப்பு இல்லை. “தோணியை அவிழ்த்துவிடு தாயி. ஆத்துல தண்ணி வந்துடுச்சு. காது கேக்கலையா?”

இருவரும் காது கொடுத்தார்கள். மணலில் காற்றுகூட நடக்கவில்லை.

“அவருக்கு மருந்து...?”

“இல்லை.” குரு சங்கை நிரப்பிப் பரிமளத்தின் கையில் கொடுத்துவிட்டு, ஐயாவுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பரிமளம் சங்கு சங்காகப் புகட்டினாள். பொன்னி துப்பினாள். பிறகு விழுங்கினாள். பிறகு சங்கை விடாமல் கவ்வினாள். ஐயாவு தோணித்துறைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஒரு பெயரில் நின்றுபோனார்.

அந்த அமைதியில் பரிமளத்தின் மடி சுட்டது. தொட்டுப் பார்த்தாள். ஈரம். விளக்கருகே விரலைப் பிடித்தாள். மஞ்சள். அதே குத்தும் வாடை.

குரு ஐயாவுவின் கண்களை மூடிவிட்டு வந்து வாசலில் நின்றாள்.

பரிமளம் நிமிர்ந்து பார்த்தாள். “சட்டியைப் பார்த்து நான் ஒண்ணு கேட்டேனே, குருவம்மா. அது பலிச்சிருந்தா?”

“உங்க பிள்ளைகிட்ட ரெண்டு பேர் வேலையா இருந்தாங்க, அக்கா. நீங்க பேசினது அவங்க காதுல விழலை.”