கொம்பையா போட்ட கல்

"அம்மா, கடலுக்குக்கூடவா ஓரவஞ்சனை?"

கேட்டவன் கொம்பையா. செண்பகத்தம்மையின் மடத்தில் மூத்த சீடன். அம்மை முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கடல் உன்னை என்னப்பா செஞ்சுது?"

"என் முனையைத் தின்னுது. தின்ன மண்ணைக் கொண்டுபோய் இசக்கிமுத்து வாசல்ல கொட்டுது."

பொய்யில்லை. கொம்பையாவின் குடிசை செம்மண் முனையில் இருந்தது. கடலுக்குள் மூக்கை நீட்டிய மேடு அது. அலை அடியில் குடையும். மேலே உள்ளது ஒருநாள் தொப்பென்று சரியும். சரிந்ததைக் கரைத்து, நீரோட்டம் வடக்கே இழுத்துப் போகும். வடக்கே கரை உள்வாங்கிய இடம். அங்கே அலைக்குக் களைப்பு வந்துவிடும், சுமையை இறக்கிவிடும்.

அங்கேதான் இளைய சீடன் இசக்கிமுத்து குடியிருந்தான். வாசல் முழுக்கச் சிவப்பு மணல்.

அம்மைக்கு ஒரு வழக்கம். கடல் அன்றைக்குக் கொண்டுவந்த புதுமணலில் உட்கார்ந்துதான் பாடம் சொல்லுவாள். முனையில் மணல் எங்கே நிற்கும்? தினமும் விடிந்ததும் கொம்பையா வாசலைத் தாண்டி இசக்கிமுத்து வாசலுக்குப் போவாள்.

என் மண்ணு, என் அம்மை, அவன் வாசல்! கொம்பையாவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அம்மை முறத்தைக் கீழே வைத்தாள்.

"தாகமா இருக்கு. தண்ணி கொண்டா."

கொம்பையா சொம்போடு ஓடினான். முனையில் எங்கே தோண்டினாலும் உப்பு. இசக்கிமுத்து வாசல் மணலில் ஒரு முழம் தோண்டினால் போதும், நல்ல தண்ணீர் ஊறும். மடமே அந்த ஊற்றைத்தான் குடித்தது.

அம்மை பாதியைக் குடித்துவிட்டு மீதியை நீட்டினாள்.

"எப்படி இருக்கு?"

"தேனா இருக்கு."

"அப்புறம் என்ன?"

கேட்டதற்குப் பதில் இதுவா? அம்மையும் அவன் பக்கம்தான் என்று கொம்பையா முடிவுகட்டிவிட்டான்.

மறுநாளே வேலையைத் தொடங்கினான். முனைக்கு வடக்கே, கரையிலிருந்து கடலுக்குள், கல்மேல் கல்லாக ஒரு வரிசை. ஆளுயரப் பாறையையெல்லாம் ஒத்தையாகப் புரட்டினான். களைப்பே இல்லை. பாட்டு வேறு!

மணல் கல்லில் முட்டி நின்றது. நாளாக ஆக, கொம்பையா வாசலில் பாய் விரித்த மாதிரி சிவப்பு மணல்.

வடக்கே அலை வெறுங்கையோடு போனது. வெறுங்கையோடு திரும்புமா? இசக்கிமுத்து வாசலை வாரிக்கொண்டு திரும்பியது.

"அண்ணாச்சி, உங்க வாசல் இப்பத்தான் நல்லா இருக்கு" என்று இசக்கிமுத்து சிரித்தான்.

சிரிக்கிறான் பாரு, படுபாவி! கொம்பையாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை.

ஒருநாள் விடியும்போது அம்மை வந்தாள். தாண்டிப் போகவில்லை. கொம்பையா வாசல் மணலில் உட்கார்ந்தாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாடம் சொல்லுங்கம்மா!"

"தாகமா இருக்கு. தண்ணி கொண்டா."

ஓடினான். இசக்கிமுத்துவின் குடிசை இருந்த இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த மணலில் தோண்டினான், கரித்தது. இன்னும் தோண்டினான், இன்னும் கரித்தது.

வெறும் சொம்போடு திரும்பி வந்தான்.

அம்மைக்குப் பக்கத்தில் இசக்கிமுத்து நின்றான். உடம்பெல்லாம் ஈரம். இடுப்பில் ஒரே ஒரு குடம்.

"வீடு சரியும்போது இதைத்தான் எடுக்க முடிஞ்சுது அண்ணாச்சி. ஊத்துல கடைசி நல்ல தண்ணி. அம்மைக்கும் உங்களுக்கும்னு நேத்தே பிடிச்சு வச்சேன்."

அம்மை சொம்பில் ஊற்றிக் குடித்தாள். மீதியைக் கொம்பையாவிடம் நீட்டினாள்.

வாய் வைத்தான். உடனே எடுத்துவிட்டான்.

சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கடலுக்குள் இறங்கினான். வரிசையின் கடைசிக் கல்லைக் கட்டிப்பிடித்து இழுத்தான். அது அசையவில்லை. மறுபடி இழுத்தான்.

கரையிலிருந்து அம்மை கேட்டாள்.

"கனமா இருக்கா?"

"போடும்போது தெரியலையேம்மா."