ஏழு புள்ளி ஒன்பது

"இந்த வருஷம் பதினோரு ஆட்டம் மேடம். ஒரு தப்பு சொல்லுங்க பாப்போம்."

நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ரயிலேறி வந்த தாசையன் தோளில் கிடந்த பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. நின்றபடியே கேட்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஜுலைகா நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல சார்."

"அப்புறம் ஏன் இறுதி ஆட்டம் எனக்குக் கிடைக்கவே மாட்டேங்குது?"

"ஒண்ணும் இல்லாததுதான் காரணம்."

தாசையனுக்கு முகம் சிவந்துவிட்டது.

அந்தக் கால்பந்து லீக்கில் மொத்தம் பத்தொன்பது நடுவர்கள். எந்த ஆட்டத்துக்கு யார் போவது என்று வாராவாரம் முடிவு செய்வது ஜுலைகா. ஆட்டம் முடிந்ததும் பத்துக்கு இத்தனை என்று அவர்களுக்கு மதிப்பெண் போடுவதும் அவர்தான். அவரும் நடுவராக இருந்தவர். முழங்கால் போனதால் முப்பத்து நான்கு வயதில் விசிலைக் கழற்றி வைத்தார். இப்போது முப்பத்தேழு.

தாசையனுக்கு நாற்பத்து நான்கு. பிழைப்புக்கு மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர் வேலை. உயிர் மட்டும் விசிலில் இருந்தது. அடுத்த வருடம் நாற்பத்தைந்து ஆகிவிடும். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பதினேழு வருடமாக ஊதுகிறார். ஒரு இறுதி ஆட்டம்கூட ஊதியதில்லை.

"போன வருஷம் இறுதி ஆட்டம் ஊதினவருக்கு என்னைவிட மார்க் கம்மி."

"ஆமா."

"அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தான்."

"ஆமா."

"பின்ன மார்க் எதுக்கு மேடம் போடுறீங்க?"

ஜுலைகா எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த பலகையில் பத்தொன்பது பெயர்களும் காந்த வில்லைகளில் ஒட்டிக்கொண்டிருந்தன. தாசையனின் பெயரை மட்டும் எடுத்துத் தம் கையில் வைத்துக்கொண்டார்.

"இந்த வாரம் உங்களுக்கு ஆட்டம் இல்ல. ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டைக்கு வாங்க. என் பக்கத்துல உக்காந்து நீங்க மார்க் போடுங்க."

*

ராணிப்பேட்டையில் வெயில் மண்டையைப் பிளந்தது.

அன்றைக்கு நடுவர் சுகிர்தா. வேலூரில் போலீஸ் வேலை பார்க்கிறவர். லீக்குக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

முப்பத்தோராவது நிமிடத்தில் தப்பு நடந்தது. மஞ்சள் சட்டை அணியின் ஆட்டக்காரர் எதிராளியை முதுகில் தள்ளிவிட்டுப் பந்தைப் பறித்தார். சுகிர்தாவுக்கு அது தெரியவில்லை. பந்து நேரே போய் கோல் ஆனது. பச்சைச் சட்டைக்காரர்கள் கத்தித் தீர்த்தார்கள்.

தாசையன் படிவத்தில் அழுத்தி எழுதினார். நிமிடம், இடம், எல்லாவற்றையும் குறித்தார். ஆட்டம் முடிந்ததும் ஏழு புள்ளி ஐந்து என்று போட்டு ஜுலைகாவிடம் நீட்டினார்.

ஜுலைகா படித்துப் பார்த்தார்.

"கோல் விழுந்ததும் சுகிர்தா எங்க போனாங்க?"

"கவனிக்கல."

"பச்சை அணி கேப்டன் வந்து கத்தினாரே, அவர்கிட்ட என்ன சொன்னாங்க?"

"தூரத்துல இருந்து எப்படிக் கேக்கும் மேடம்?"

"முகம் தெரிஞ்சுதே."

அந்நேரம் தாசையன் குனிந்து படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

"சரி. ரெண்டாம் பாதியில பச்சை அணி ஒரு பெனால்டி கேட்டுச்சு. சுகிர்தா இல்லேன்னுட்டாங்க. அது பெனால்டியா?"

"இல்ல. சுத்தமா இல்ல." தாசையன் கொஞ்சம் யோசித்தார். "ஆனா குடுத்திருக்கலாம். முதல் பாதியில அவங்களுக்கு அநியாயம் நடந்துபோச்சே. சரிக்குச் சரியாப் போயிருக்கும். கூட்டமும் அடங்கியிருக்கும்."

ஜுலைகா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா இருந்தா குடுத்திருப்பீங்க."

"எனக்கு அப்படி ஒரு நிலைமை வந்ததில்ல மேடம்."

"தெரியும் சார்."

சொல்லிவிட்டுப் படிவத்தை மடித்து அவரிடமே கொடுத்தார். இரண்டு பேரும் படியிறங்கி வெளியே வந்தார்கள். ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டே ஜுலைகா சொன்னார்.

"சனிக்கிழமை அரையிறுதி. தூத்துக்குடியில. நீங்கதான் ஊதுறீங்க."

*

தூத்துக்குடி கொற்கை அணியின் சொந்த மண். சாயங்காலம் நான்கு மணி ஆட்டத்துக்கு மத்தியானமே அரங்கம் நிரம்பிவிட்டது. பதினைந்தாயிரம் பேர் இருப்பார்கள். எதிரே மதுரையிலிருந்து வந்த வைகை அணி.

எண்பத்தெட்டு நிமிடம் ஓடியும் கோல் இல்லை. தாசையன் வழக்கம்போலப் பிசிறில்லாமல் ஊதிக்கொண்டிருந்தார்.

அப்போது கொற்கையின் முன்கள ஆட்டக்காரர் ரெக்ஸன் பந்தோடு பெனால்டி கட்டத்துக்குள் பாய்ந்தார். வைகையின் தடுப்பாட்டக்காரர் காலை நீட்டினார். ரெக்ஸன் குப்புற விழுந்தார்.

தாசையன் விசிலை ஊதினார். கை பெனால்டி புள்ளியைக் காட்டியது. காலை நீட்டியவருக்கு மஞ்சள் அட்டையும் காட்டினார்.

அரங்கமே எழுந்து ஆடியது. மேளம் அதிர்ந்தது. கொற்கையின் கேப்டன் லூர்து பந்தைக் கொண்டுவந்து புள்ளியில் வைத்தார்.

தாசையன் கோல்கீப்பரைப் பார்க்கத் திரும்பினார். அப்போதுதான் புல்லில் அந்தக் கோடு கண்ணில் பட்டது.

ஒரு முழ நீளத்துக்குப் புல் பெயர்ந்து மண் தெரிந்தது. ரெக்ஸன் பூட்ஸின் முனை கிழித்த கோடு. தடுப்பாட்டக்காரர் கால் நீட்டிய இடமோ அதற்கும் இரண்டடி முன்னால் இருந்தது. அங்கே போய்ச் சேர்வதற்குள்ளேயே ரெக்ஸன் கால் தரையில் மாட்டித் தானாகவே இடறி விழுந்திருக்கிறார்.

தாசையன் குனிந்து அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

ரெக்ஸனிடம் போனார்.

"அவர் கால் பட்டுதா?"

ரெக்ஸன் ஷூ லேஸைக் கட்டக் குனிந்துகொண்டார்.

ஓரத்தில் கொடியோடு நின்ற துணை நடுவரிடம் ஓடினார்.

"நீ பாத்தியா?"

"எனக்கு முதுகுதான் தெரிஞ்சுதுண்ணே. நீங்கதானே கிட்ட இருந்தீங்க."

அந்த லீக்கில் வீடியோ பார்த்துத் திருத்தும் வசதி கிடையாது. அவர் சொன்னதுதான் முடிவு. அவர் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

இன்னும் நான்கைந்து நிமிடம் பாக்கி இருக்கிறதே என்று மனசு ஓடியது. அந்தப் பக்கம் வைகைக்கும் ஏதாவது ஒன்று கொடுத்துவிட்டால்? சரிக்குச் சரியாகப் போய்விடும்.

அந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்து நிற்கிறது என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

திரும்பி நடந்து வந்தார். விசிலை நீளமாக ஊதினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.

"பெனால்டி இல்ல."

லூர்து ஓடி வந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"என்ன ரெஃப்ரி சார் விளையாடுறீங்களா? விசில் ஊதியாச்சு, கையைக் காட்டியாச்சு. இனிமே எப்படி மாத்துவீங்க?"

"பந்தை இன்னும் உதைக்கல லூர்து. அதுவரைக்கும் மாத்தலாம். சட்டத்துல இடம் இருக்கு."

"யார் சொல்லி மாத்துறீங்க?"

"யாரும் சொல்லல. நான் தப்பாப் பாத்துட்டேன்."

எத்தனையோ நடுவர்களிடம் எத்தனையோ சண்டை போட்டவர் லூர்து. இந்தப் பதிலுக்கு என்ன சொல்லிச் சண்டை போடுவது என்று தெரியாமல் நின்றார்.

தாசையன் வைகைத் தடுப்பாட்டக்காரரிடம் போனார்.

"உங்களுக்குக் காட்டின அட்டையும் இல்ல. மன்னிச்சுக்கங்க."

பிறகு பந்தை எடுத்து வைகை கோல்கீப்பரின் முன்னால் போட்டு ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

அதன்பிறகு தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன. செருப்பு ஒன்று தோளில் விழுந்தது. அவருடைய அம்மா, அப்பா, பிறந்த ஊர் எல்லாவற்றையும் இழுத்துக் கூட்டம் திட்டியது. மிச்சமிருந்த நிமிடங்களில் அவர் பந்தைவிட்டுப் பத்தடி விலகவில்லை. எந்த அணிக்கும் எதையும் கூட்டியும் கொடுக்கவில்லை, குறைத்தும் கொடுக்கவில்லை.

கடைசியில் பெனால்டி ஷூட் அவுட்டில் கொற்கைதான் ஜெயித்தது. அப்படியும் கூட்டத்தின் கோபம் ஆறவில்லை. போலீஸ் வேனில்தான் தாசையனை வெளியே கொண்டுபோனார்கள். கொற்கையின் மேனேஜர் லீக் கமிட்டிக்கு நான்கு பக்கப் புகார் அனுப்பினார்.

திங்கட்கிழமை போனில் மதிப்பெண் வந்தது.

ஏழு புள்ளி ஒன்பது.

பதினேழு வருடத்தில் அவர் வாங்கிய மதிப்பெண்களில் அதுதான் ஆகக் குறைவு.

*

புதன்கிழமை சென்னை அலுவலகத்தில் தாசையன் ஒரு கவரை மேசைமேல் வைத்தார்.

"என்ன சார் இது?"

"பட்டியல்ல இருந்து நீங்க எடுக்க முந்தி நானே விலகிக்கிறேன்."

ஜுலைகா கவரைத் தொடவில்லை. தமக்குப் பக்கத்திலிருந்த தாளை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

தாசையன் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

இறுதி ஆட்டம். சென்னை. பாலாறு அணியும் கொற்கை அணியும். நடுவர் என்று இருந்த இடத்தில் அவர் பெயர்.

"மேடம், எனக்கு ஏழு புள்ளி ஒன்பது போட்டது யாரு?"

"நான்தான்."

"இதைப் போட்டது?"

"அதுவும் நான்தான்."

"எந்த ஆட்டத்தைப் பாத்து?"

"ஒரே ஆட்டத்தைத்தான் பாத்தேன். பெனால்டி குடுத்தது பெரிய தப்பு. அதுக்கு மார்க் குறைச்சேன். இனிமேலும் குறைப்பேன். அதுக்கு அப்புறம் நீங்க செஞ்சதுக்குப் படிவத்துல கட்டம் இல்ல."

"கமிட்டியில ஒத்துக்கிட்டாங்களா?"

"இல்ல. ரெண்டு மணி நேரம் சண்டை. கொற்கை புகார் குடுத்திருக்கே, அவங்க ஆட்டத்துக்கு அவரையே அனுப்புவியான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கொற்கையையே கேளுங்கன்னேன். அங்கேயே போன் போட்டாங்க. மேனேஜர் முடியவே முடியாதுன்னார். அப்புறம் போன் கேப்டன் கைக்குப் போச்சு."

"லூர்து என்ன சொன்னார்?"

"அவங்க ஆட்டத்தை ஊதப்போற நீங்க அதைக் கேக்கக் கூடாது சார். நானும் சொல்லக் கூடாது. ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுங்க."

தாசையன் தாம் கொண்டுவந்த கவரை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"பயமா இருக்கு மேடம்."

"நல்லது," என்றார் ஜுலைகா.

*

இறுதி ஆட்டம். எண்பத்து நான்காவது நிமிடம். ஆளுக்கு ஒரு கோல்.

கொற்கையின் பெனால்டி கட்டத்துக்குள் பாலாற்றின் ஆட்டக்காரர் பந்தைத் தலையால் முட்ட எம்பினார். கொற்கையின் தடுப்பாட்டக்காரர் அவர் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்தார். தாசையன் எட்டடி தூரத்தில் நின்றிருந்தார். துணி விறைத்து இழுபட்டதைக் கண்ணால் பார்த்தார்.

ஊதினார்.

பெனால்டி. கொற்கைக்கு எதிராக.

அடுத்த கணம் கொற்கை அணி மொத்தமும் அவரை நோக்கி ஓடி வந்தது. ரெக்ஸன் முன்னால், அவருக்குப் பின்னால் மற்றவர்கள், எல்லோர் வாயும் திறந்தபடி.

பதினேழு வருடமாக இந்த மாதிரி நேரங்களில் தாசையன் பின்னுக்கு அடி வைத்துக்கொண்டே போவார். எல்லா நடுவர்களும் செய்வதுதான் அது. இன்றைக்கு அவருடைய கால்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

அவர்கள் வந்து சேர்வதற்கு முன்னால் ஒரு ஆள் குறுக்கே வந்து நின்றார். லூர்து. அவர் முகத்தில் கோபம் கொதித்தது. கண்ணில் தண்ணீர்கூட முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் தாசையனுக்கு முதுகைக் காட்டி, தம் ஆட்களைப் பார்த்து இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

"தள்ளிப் போங்கலே!"

"அண்ணே, இது பெனால்டியே இல்ல..."

"தள்ளிப் போலேன்னா!" லூர்துவின் குரல் அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். "தப்பா இருந்தா இந்நேரம் அவரே மாத்தியிருப்பாருலே!"

முதலில் ரெக்ஸன் ஒதுங்கினார். பிறகு ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். நடுவில் வழி உண்டானது.

தாசையன் பந்தை எடுத்துக்கொண்டு அந்த வழியே நடந்தார்.