வாழைமரம் கட்டிய சர்வர்

பூண்டு உரித்துக்கொண்டே சொல்கிறேன். நகக்கண் எரிகிறது, அதனால் கதை நடுவில் கொஞ்சம் நின்று நின்றுதான் வரும்.

எங்கள் மாடியில் நஸ்ரீன் டீச்சர் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறாள். சின்ன வயசுதான். படிக்க வருகிறவர்களில் தவசிமுத்து அண்ணாச்சிக்கு மட்டும் மீசை நரைத்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு.

அன்றைக்கு லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். உட்காரவில்லை.

“டீச்சர், பள்ளிக்கூட மார்க்கைத் திரையில காட்டுறதுக்கு ஜாவா சர்வரை எத்தனை வழியில போடலாம்?”

“மூணு வழி சொல்லிக்கொடுத்தேனே அண்ணாச்சி. கம்ப்யூட்டர் கேக்கக் கேக்கப் பதில் சொல்லி, பட்டனை அமுக்கிக்கிட்டே போகலாம். சுருக்கி வெச்ச பொட்டலத்தைப் பிரிச்சு, ஒவ்வொண்ணா நாமளே அமைக்கலாம். இல்லன்னா எல்லாம் அடைச்சு வெச்ச டப்பாவை இறக்கி, அப்படியே ஓட்டலாம்.”

“இதுல எது நல்லது?”

“நீங்க எந்த வழியில போனீங்க?”

அவர் தரையைப் பார்த்தார்.

“சிநேகிதன் ஒருத்தன் கல்யாண மண்டபத்துக்குப் போட்டிருந்தான். அந்த ஃபோல்டரை அப்படியே தூக்கிட்டு வந்துட்டேன்.”

“ஓடிச்சா?”

“ஓடிச்சு. மார்க்கு காட்டலாம்னு ஹெச்.எம். அம்மா, பெத்தவங்க எல்லாரையும் உக்கார வெச்சுத் திரையில திறந்தேன். வாழைமரம் கட்டி, ‘மணமக்களை வாழ்த்த வாரீர்’னு வந்துச்சு. ‘எந்தப் பிள்ளைக்கு முகூர்த்தம் அண்ணாச்சி?’ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. ஒரே சிரிப்பு. நானே போட்டதுன்னு வேற சொல்லியிருந்தேன்.”

டீச்சர் சிரிக்கவில்லை.

“நாளைக்குள்ள மார்க்கு வரலன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுவாங்களாம். அந்த வாழைமரத்தை மட்டும் எடுத்துத் தாங்க டீச்சர். புண்ணியமாப் போகும்.”

“மார்க்கு ஷீட் தனியா இருக்கா?”

“இருக்கு.”

அவள் லேப்டாப்பைத் திறந்து ஒரு ஃபைலைக் காட்டினாள்.

“இது எதுக்கு?”

“தெரியாது.”

“இது?”

“அதுவும் தெரியாது.”

“உள்ள போற பாஸ்வேர்டு யாருது?”

“அவன்துதான்.”

“அப்போ பிள்ளைங்க மார்க்கை உங்க சிநேகிதர் நெனச்சா மாத்தலாம்.”

அண்ணாச்சிக்குக் காது மடல் சிவந்துபோனது. கதவோரம் நின்றிருந்த எனக்கே அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டீச்சர் அந்த ஃபோல்டரை மொத்தமாக அழித்தாள்.

“ஐயோ! எல்லாம் போச்சே!”

“உங்களுக்குத் தெரியாததுதானே அண்ணாச்சி போச்சு. தெரிஞ்சதுல ஒண்ணும் குறையலையே. அதை வெச்சு ஆரம்பிங்க.”

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். பிறகு, “எனக்குத் தெரிஞ்சது...” என்று மெல்ல ஆரம்பித்து, ஒரு விரலைத் தூக்கி,

“ஏட்டி சொர்ணம், பிள்ளை எந்திரிச்சிட்டான் பாரு!”

உள்ளேயிருந்து என் அத்தைதான் கூப்பிடுகிறாள். இதோ வந்துட்டேன் அத்தை. அந்த விரலை அண்ணாச்சி கீபோர்டில் முதல் எழுத்தின் மேல் வைத்து அமுக்கினார். மிச்சத்தை வந்து சொல்கிறேன்.