தாளாளர் தலைக்கு மேலே

திருச்சி கடைவீதியில் ஒரு மனை. கைக்குட்டையை விரித்தால் மூடிவிடலாம், அவ்வளவுதான் இடம். அதில்தான் பள்ளிக்கூடம் கட்டப் புறப்பட்டார் தாளாளர் தில்லைநாயகம். வரைபடம் போட வந்தவள் நசீமா, வேலைக்குப் புதுசு.

"தரைத்தளம் முழுக்க என் அறையும் என் காரும். பிள்ளைங்களுக்கு மைதானமும் வேணும். முடியாதுன்னா இப்பவே கிளம்பு."

"முடியும் சார்" என்றாள் நசீமா.

மறுநாள் வரைபடத்தை விரித்தாள். தரைத்தளத்தில் ஜம்மென்று அவர் அறை. தாளாளர் மீசையைத் தடவினார்.

"இதுக்கு மேல என்னம்மா?"

"எல்.கே.ஜி. பிள்ளைங்க கக்கூஸ் சார். உங்க நாற்காலிக்கு நேர் மேல."

துள்ளி எழுந்தார். "இந்தக் கட்டடத்துல என் தலைக்கு மேல எவனும் இருக்கக் கூடாது!"

"அப்படின்னா உச்சியில, நாலாவது மாடிதான் சார்."

"அங்கேயே போடு!"

போட்டாள். காலியான தரைத்தளம் முழுக்கத் தூண்களுக்கு நடுவே மைதானமானது. கார் தெருவில் நின்றது.

திறப்பு விழாவன்று மூன்றாவது மாடிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார் தாளாளர். கீழே பிள்ளைகள் பந்து உதைக்கும் சத்தம்.

"வேணும்னேதானே என்னை மேல ஏத்தினே?"

"கீழயே வந்துடுங்க சார். கக்கூஸை மட்டும் இனி மாத்த முடியாது."

தில்லைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மீதிப் படிகளை ஏறினார்.